எழுபத்தைந்து டன் ஒலிச்சுவர்: 1974இல் ஒரு மேடை ஒலி அமைப்பு எழுந்ததும் இறங்கியதும்

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கிரேட்ஃபுல் டெட் ராக் குழுவுக்காக 1974இல் கட்டப்பட்டது 'வால் ஆஃப் சவுண்ட்' என்ற ஒலிச்சுவர். மார்ச்சில் மேடையேறிய அது அக்டோபரில் ஓய்ந்துவிட்டது. அதன் பின்னால் நின்ற ஒலியமைப்பாளர் மேடை ஒலியின் முன்னோடிகளில் ஒருவர். இங்கே தனிநபர்களின் பெயர்களைத் தவிர்த்து, அவர்கள் வகித்த பொறுப்பைக் கொண்டே குறிப்பிடுகிறோம்.

பின்னணி

1960களின் நடுவில் ராக் கச்சேரிக்கென்று தனி ஒலி அமைப்பு கிடையாது. 1965 ஆகஸ்டில் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல் திரண்ட பீட்டில்ஸ் கச்சேரியில், கிதாருக்கு நூறு வாட் ஆம்ப் (ஒலி சிக்னலைப் பெருக்கும் கருவி), பாட்டுக்கு அரங்கத்தின் அறிவிப்பு ஒலிபெருக்கி. அவ்வளவுதான் இருந்தது. பாடியவர்களுக்கே தங்கள் குரல் கேட்கவில்லை.

ஒலிச்சுவரின் ஒலியமைப்பாளர் 1935இல் பிறந்தவர். அமெரிக்க விமானப்படையில் இருந்தபோது மின்னணுவியல் பழகி, அமெச்சூர் ரேடியோ உரிமமும் எடுத்தவர். 1966இல் குழுவோடு சேர்ந்ததும், திரையரங்கில் வைக்கும் ஆல்டெக் 'வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்' ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொண்டுவந்து மேடையில் வைத்தார். வீட்டு ஹைஃபை தரத்தில் ராக் இசை கேட்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம். பெட்டிகள் கனமானவை, அடிக்கடி பழுதானவை. சில மாதங்களிலேயே குழு அவற்றைக் கைவிட்டது. எடையும் பழுதும் ஒரு நல்ல ஒலியை எப்படிக் கவிழ்க்கும் என்பது எட்டு ஆண்டு முன்பே ஒருமுறை தெரிந்துவிட்டது. 1974இல் நடந்ததைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

அவரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஒவ்வொரு கச்சேரியையும் டேப்பில் பதிவுசெய்து, முடிந்தபின் போட்டுக் கேட்பார். விற்பதற்காக அல்ல, அன்றைய வேலையில் எங்கே பிழை என்று பார்ப்பதற்காக. காதில் விழுந்ததை நினைவை நம்பி விட்டுவிடாமல் சான்றோடு சரிபார்த்தவர் என்பதே அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்தது.

போதைப்பொருள் தயாரித்த வழக்கில் 1970 முதல் 1972 வரை சிறையில் இருந்தார். திரும்பி வந்தபோது அவருடைய வேலை நான்கைந்து பேர் கையில் பிரிந்து கிடந்தது. பழையபடி அவர் சொல்வதைக் கேட்க எல்லோரும் தயாராக இல்லை. பின்னால் எழுந்த பிணக்குகளின் வேர் இங்கே இருக்கிறது.

கண்டறிந்த குறைகள்

குழுவும், அவர்களோடு நெருங்கி வேலைசெய்த அலெம்பிக் பட்டறையின் பொறியாளர்களும் மூன்று குறைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள்.

முதலாவது, கலங்கல். கிதார், பேஸ், பாட்டு எல்லாம் ஒரே ஸ்பீக்கர் வழியாகப் போகும்போது, பேஸ் நரம்பின் பெரிய அசைவு அதே ஸ்பீக்கர் கோனில் (அதிரும் கூம்பில்) அதிரும் குரலையும் சேர்த்து ஆட்டிவைக்கும். இரண்டு சுருதிகள் சேர்ந்து, இரண்டிலும் இல்லாத மூன்றாவது சுருதியைக் கிளப்பும். இன்டர்மாடுலேஷன் எனப்படும் இந்தக் குறை, ஒலியளவைக் குறைத்தால் குறையுமே தவிர முழுதாகப் போகாது.

இரண்டாவது, மேடையில் ஒரு கச்சேரி, அரங்கில் வேறொரு கச்சேரி. பெரிய ஸ்பீக்கர்கள் மேடையின் இரு ஓரத்திலும் முன்னால் நிற்கும். வாசிப்பவர்கள் அவற்றின் முதுகுப் பக்கம் நிற்பார்கள். ரசிகர் கேட்பது என்ன என்று கலைஞருக்குத் தெரியாது.

மூன்றாவது, தூரம். பெட்டிகளைக் கொத்தாக அடுக்கினால், தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலியளவு 6 டெசிபல் (ஒலியளவின் அலகு) குறையும். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் முதல் வரிசையின் காது கிழியும்.

1973 பிப்ரவரி: முதல் சோதனை

புதிய அமைப்பின் தொடக்க வடிவம் 1973 பிப்ரவரி 9 அன்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மேப்பிள்ஸ் பெவிலியனில் ஏறியது. முதல் பாட்டு தொடங்கியதுமே ட்வீட்டர்கள் (உயர் சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்கள்) எல்லாம் போய்விட்டன.

ட்வீட்டர் எப்போதும் இப்படித்தான் போகும். அதை அதிரவைக்கும் வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருள் தலைமுடி போன்ற மெல்லிய கம்பியால் ஆனது. தாங்குவது சில வாட்டே. ஆம்ப் உச்சத்தைத் தொட்டு அலையின் முனை சப்பையாகும்போது, இசையில் இல்லாத உயர் அதிர்வுகள் முளைக்கும். அவை நேரே ட்வீட்டருக்குத்தான் வரும். ஆம்ப் போடும்போதோ ஒயரைப் பிடுங்கும்போதோ 'டப்' என்று வரும் அதிர்ச்சியும் அதே வேலையைச் செய்யும். சீரான சோதனை ஒலியை எவ்வளவு நேரம் விட்டாலும் இது பிடிபடாது, ஏனென்றால் அதில் கிதார் மீட்டலின் திடீர் உச்சம் கிடையாது.

ஒரே இரவில் ஒரு வகைப் பாகம் மொத்தமாகப் போனபிறகும் வேலையைக் கைவிடாமல், குழு ஓராண்டுக்கும் மேல் துண்டு துண்டாக மேம்படுத்திக்கொண்டே போனது. 1974இல் முழு வடிவம் வந்தபோது, தாழ்ந்த, உயர்ந்த சுருதிகளைப் பிரிக்கும் கிராஸ்ஓவர் கருவி, ஆம்ப்புக்கு முன்னாலேயே அலையைப் பிரித்தது. ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஆம்ப். பேஸ் ஆம்ப் உச்சம் தொட்டாலும் ட்வீட்டருக்கு அது தெரியாது. ஸ்டான்ஃபோர்டில் விழுந்த அடிக்கு இதைவிடச் சரியான மருந்து இல்லை.

1973 ஜூலை 28 அன்று, நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் பந்தயத் திடலில் ஆறு லட்சம் பேர் கூடிய விழாவிலும் குழு வாசித்தது. அங்கே தூரத்துக்கு வேறு வழி: மேடையிலிருந்து 200, 400, 600 அடியில் ஸ்பீக்கர் கோபுரங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 1,130 அடி போவதால், அவற்றுக்குப் போகும் சிக்னலை மேடை ஒலி வந்து சேரும் நேரத்திலேயே ஒலிக்கும்படி, டிஜிட்டல் கருவி 175, 350, 525 மில்லிநொடி தாமதப்படுத்தியது. இது நன்றாக வேலைசெய்யும் வழி. ஆனால் இசை ஓரிடத்தில், கோபுரம் ஓரிடத்தில். ஒலிச்சுவரின் நோக்கமோ வாசிப்பவர் நிற்கும் திசையிலிருந்தே அவருடைய ஒலி வரவேண்டும் என்பது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, ஒரு ஸ்பீக்கருக்கு ஒரே வாத்தியம். மொத்தம் ஆறு தனி அமைப்புகள், பதினொரு வழிகள் (சேனல்கள்). முன்னணி கிதார், துணைக் கிதார், பியானோ, பாட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடுக்கு. ட்ரம்ஸுக்கு மூன்று வழி. பேஸ் கிதாரின் நான்கு நரம்புகளையும் நான்காகப் பிரித்து, ஒவ்வொரு நரம்புக்கும் தனி ஸ்பீக்கர் கொடுக்கவும் வசதி இருந்தது. ஒலிகள் ஒயரில் கலக்காமல் காற்றில் வந்து கலந்தன. வாத்தியங்களுக்கு இடையிலான கலங்கல் ஒழிந்தது. அந்த ஆண்டின் பதிவுகளில் பேஸ் கிதாரின் ஒவ்வொரு தட்டலும் துலக்கமாக நிற்பதை இன்றைக்கும் கேட்கலாம்.

எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் மாறியது. பரவலாகச் சொல்லப்படும் ஒரு கணக்கு: 586 ஜேபிஎல் ஸ்பீக்கர், 54 எலக்ட்ரோவாய்ஸ் ட்வீட்டர், 48 மெக்கின்டாஷ் எம்சி 2300 ஆம்ப். ஓர் ஆம்ப்புக்கு 600 வாட் வைத்தால் 28,800 வாட். காது கிழிய முழங்குவதற்கு வைத்த வாட் அல்ல அது. 640 ஸ்பீக்கருக்குப் பிரித்தால் தலைக்கு 45 வாட்டே வரும். எதுவும் தன் எல்லை அருகே போகாமல் நிதானமாக வேலைசெய்யும்.

இரண்டாவது முடிவு, உயரத் தூண். ஸ்பீக்கர்களை ஒன்றன்மேல் ஒன்றாக நெட்டுக்கு அடுக்கினார்கள்; பேஸ் தூண் 30 அடிக்கு மேல். நெட்டுத் தூணிலிருந்து வரும் ஒலி, தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபலுக்குப் பதில் 3 டெசிபல்தான் குறையும். தூணிலிருந்து 3 மீட்டரில் நிற்கும் கலைஞருக்கும் 48 மீட்டரில் இருக்கும் ரசிகருக்கும் இடையே நான்கு இரட்டிப்பு. கொத்தாக வைத்திருந்தால் 24 டெசிபல் வித்தியாசம். தூணில் 12. கலைஞர் தன் தூணின் எதிரிலேயே நிற்க முடிந்ததும், மேடைக்குத் தனி மானிட்டர் (கலைஞர் கேட்பதற்காக வைக்கும் ஸ்பீக்கர்) தேவைப்படாமல் போனதும் இதனால்தான்.

இந்த ஆதாயத்துக்கு இரண்டு எல்லைகள் உண்டு. பத்து மீட்டர் தூண் 1,000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 1,000 அதிர்வு) சுமார் 145 மீட்டர் வரை இப்படி நடந்துகொள்ளும். 100 ஹெர்ட்ஸில் 15 மீட்டரைத் தாண்டாது. பேஸுக்கு மிக உயர்ந்த தூண் தேவைப்பட்டது அதனால். இன்னொன்று, அடுத்தடுத்த ஸ்பீக்கர்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிட அலைநீளம் பெரிதாக இருக்க வேண்டும். 15 அங்குல ஸ்பீக்கரில் மையத்துக்கு மையம் ஏறத்தாழ 40 செ.மீ.; ஆகவே 860 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்கு. அதற்கு மேல் ஒலி மேலும் கீழும் கீற்றுக் கீற்றாகப் பிரியும். உயர் சுருதிக்கு 5 அங்குல ஸ்பீக்கர்களை நெருக்கி அடுக்கியதன் காரணம் இது.

அமைப்பின் ஒலி 600 அடி வரை நல்ல தரத்தில் எட்டியது, கால் மைல் வரை கேட்கும்படி இருந்தது என்பது அன்றைய மதிப்பீடு. அதற்கப்பால் காற்று கலைத்துவிடும்.

இரட்டை மைக்: தீர்வும் அதன் விலையும்

சுவர் முழுதும் பாடகரின் முதுகுக்குப் பின்னால். மைக்கோ சுவரைப் பார்த்து நிற்கிறது. சாதாரண ஏற்பாட்டில் சுவரின் ஒலி மைக்குக்குள் திரும்பத் திரும்பப் புகுந்து, முதல் நொடியிலேயே மைக் ஊளையிடும்.

இதற்கு ஒரே மாதிரியான இரண்டு கண்டென்சர் மைக்குகளை 60 மி.மீ. இடைவெளியில் மேலும் கீழுமாகக் கட்டி, ஒன்றின் சிக்னலைத் தலைகீழாகப் புரட்டி, இரண்டையும் சேர்த்தார்கள். பின்னாலிருந்து வரும் சுவரின் ஒலி இரண்டிலும் ஒரே அளவில் விழும். கூட்டினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாடகர் மேல் மைக்கில் மட்டும் வாயை வைத்துப் பாடுவார். அவர் குரல் ஒன்றில் அதிகம், மற்றதில் குறைவு. ஆகவே அது தப்பிக்கும்.

அருமையான யோசனை. ஆனால் அது எவ்வளவு மெல்லிய நூலில் நின்றது என்று பார்க்க வேண்டும்.

வாய் மேல் மைக்கிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் இருந்தால் கீழ் மைக்குக்கு 6 செ.மீ. சொச்சம். கீழ் மைக்கில் குரல் சுமார் 16 டெசிபல் குறைவு. கழித்தபின் குரலில் இழப்பு 1.5 டெசிபல்தான், யாரும் கவனிக்க மாட்டார்கள். பாடகர் தலையைப் பின்னுக்கு இழுத்து 10 செ.மீ. தள்ளிப்போனால், இரண்டு மைக்குக்கும் இடையே வித்தியாசம் வெறும் 1.3 டெசிபல். அப்போது குரலின் கீழ்ப்பகுதியில் 17 டெசிபல் தானாகவே அழிந்துபோகும். மேல்பகுதி அவ்வளவு அழியாது, ஏனென்றால் அங்கே அலைநீளம் சிறிது; இரண்டு மைக்கும் அலையின் ஒரே கட்டத்தில் இருக்காது. விளைவு, கனம் போய் மூக்கால் பாடுவது போன்ற மெல்லிய குரல். அந்த ஆண்டின் பாட்டு ஒலி பற்றி வந்த குறை இதுவேதான்: வாத்தியம் கம்பீரம், குரல் சன்னம்.

செயல்முறையில் தவறக்கூடிய இடங்கள் இன்னும் இருக்கின்றன. இரண்டு மைக்கின் அளவும் 1 டெசிபல் பிசகினாலே சுவரின் ஒலியை 19 டெசிபலுக்கு மேல் அழிக்க முடியாது. ஒரு ஒயரில் துருவம் மாறிவிட்டால் அழிப்பதற்குப் பதில் இரட்டிக்கும். சுவரின் ஒலி கிடைமட்டமாக வந்தால்தான் இரண்டு மைக்கையும் ஒரே நேரத்தில் தொடும். பாட்டு ஸ்பீக்கர் கொத்தோ ட்ரம்ஸுக்கு மேலே உயரத்தில் தொங்கியது. நேர் மேலிருந்து வரும் ஒலிக்கு 60 மி.மீ. வழி வித்தியாசம். சுமார் 2,900 ஹெர்ட்ஸில் அது அரை அலைநீளம், அழியவேண்டிய ஒலி கூடிவிடும். நடைமுறையில் ஒலி சாய்வாகவே வந்ததால் நிலைமை இந்த அளவுக்குப் போகாது. ஆனால் ஊளைக்கான வாசல் எந்தப் பக்கம் திறந்திருந்தது என்பதை இந்தக் கணக்கு காட்டும்.

1974: சாலையில்

மார்ச் 23 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவை ஒட்டிய டேலி சிட்டியின் கௌ பேலஸில் முழுச் சுவரும் முதன்முறையாக எழுந்தது. அந்தக் கச்சேரியை 'சவுண்ட் டெஸ்ட்' என்றே அறிவித்திருந்தார்கள். கேட்டவர்கள் வியந்தார்கள். இரைச்சலாக இல்லாமல் பெரிதாக ஒலிப்பது அன்றைக்குப் புதிது.

பிறகு சுவர் ஊர் ஊராகக் கிளம்பியது. 75 டன், நான்கு டிரெய்லர் லாரி, 21 பணியாளர்கள், சுமார் 3,50,000 டாலர் முதலீடு. சாரம் கட்டி, மேடை போட்டு, பெட்டி ஏற்றி, ஒயர் இழுத்து முடிக்க ஒரு நாள் போதாது. அதனால் ஒன்றுக்கு மேற்பட்ட சாரத் தொகுதிகளை வைத்துக்கொண்டு, ஓர் ஊரில் கச்சேரி நடக்கும்போதே அடுத்த ஊரில் இன்னொன்றைக் கட்டினார்கள். ஓர் எம்சி 2300 ஆம்ப்பின் எடை மட்டும் 58 கிலோ. இரண்டு பேர் இல்லாமல் தூக்க முடியாது. நாற்பத்தெட்டையும் இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கி என்று கோடை முழுதும் போயிற்று.

காலமும் ஒத்துழைக்கவில்லை. 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய்த் தடை டீசல் விலையைத் தூக்கியிருந்தது. பணியாளர் கூட்டம் பெருத்தது. புதியவர்களுக்கும் பழையவர்களுக்கும் உரசல். சம்பளம், எரிபொருள், சாரம் எல்லாவற்றுக்கும் ஈடுகட்ட மேலும் பெரிய அரங்குகளில் வாசிக்க வேண்டியிருந்தது. அரங்கு பெரிதானால் சுவர் இன்னும் தேவை. இந்தச் சுழலிலிருந்து வெளியே வர வழியில்லை என்பது கோடையிலேயே குழுவுக்குப் புரிந்துவிட்டது. செப்டம்பரில் லண்டன், மியூனிக், டிஜோன், பாரிஸ் போய்வந்தார்கள்.

விளைவு

அக்டோபர் 16 முதல் 20 வரை சான் ஃபிரான்சிஸ்கோ விண்டர்லேண்டில் ஐந்து இரவுகள். கடைசி நாள் டிக்கெட்டில் 'தி லாஸ்ட் ஒன்' என்று முத்திரை குத்தியிருந்தது. குழு பயணத்தை நிறுத்தியது. சுவரைப் பிரித்தார்கள், பாகங்கள் பல கைகளுக்குப் போயின.

1976 ஜூனில் மீண்டும் மேடையேறியபோது எளிய அமைப்பே போதும் என்று முடிவெடுத்திருந்தார்கள். ஒலியமைப்பாளருக்கு அப்படி ஒரு பொறுப்பு பிறகு அமையவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் குடியேறி, 2011 மார்ச்சில் சாலை விபத்தில் இறந்தார். அவர் பதிவுசெய்த டேப்புகள் இன்றும் பாதுகாக்கப்பட்டு வெளிவருகின்றன. சுவர் எப்படி ஒலித்தது என்று விவாதிக்க நம்மிடம் சான்று இருப்பதற்கு, பதிவை ஒரு கடமையாக நினைத்த அவரைப் போன்றவர்களே காரணம்.

நெட்டுத் தூண் சாகவில்லை. 1990களில் பிரான்சிலிருந்து வந்த லைன் அரே (நெட்டு வரிசை ஸ்பீக்கர்) அமைப்புகள் அதே இயற்பியலைக் கையில் எடுத்தன. தரையிலிருந்து அடுக்காமல் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். பெட்டிகளுக்கு இடையே இடைவெளி இல்லாதபடி அலையை வழிநடத்தும் குழல் வைத்தார்கள். இன்று பெரும்பாலான பெரிய மேடைகளில் இரு புறமும் வளைந்து தொங்குவது அதுதான்.

மறுபடி செய்தால்

பாட்டை சுவரிலிருந்து பிரித்திருக்க வேண்டும் என்பது எங்கள் மதிப்பீடு. வாத்தியங்களுக்குப் பின்னாலிருக்கும் தூண் பழுதில்லாத ஏற்பாடு. கிதார் பிக்கப் (நரம்பின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) காற்று ஒலிக்கு அவ்வளவாக மசியாது. மைக்தான் மசியும். பாட்டுக்கான ஸ்பீக்கரை மட்டும் மைக்குக்கு முன்னால், மேடை விளிம்புக்கு மேலே தொங்கவிட்டிருந்தால் இரட்டை மைக்கே தேவைப்பட்டிருக்காது. பாடகருக்கு ஒரு சின்ன மானிட்டர் வைக்க வேண்டியிருக்கும். 'மேடையிலும் அரங்கிலும் ஒரே ஒலி' என்ற கொள்கையில் ஓர் ஓட்டை விழும்தான். குரலின் கனத்துக்காக அதைத் தாராளமாகக் கொடுத்திருக்கலாம்.

ஒலியளவு கலைஞர் கையிலேயே இருந்ததும் யோசிக்கவேண்டியது. ஒருவர் தன் கிதாரை ஏற்றினால், அரங்கின் நடுவில் நின்று அதை இறக்க ஆளில்லை. ஒருவரையொருவர் கூர்ந்து கேட்கும் இந்தக் குழுவுக்கு அது பெரும்பாலும் பலித்தது. வேறு குழுவுக்குப் பலிக்குமா என்பது சந்தேகம்.

எடைக்கு வருவோம். 48 ஆம்ப்பையும் கூட்டினால் 2.8 டன்; மொத்தத்தில் நான்கு சதவீதம்தான். மற்றதெல்லாம் ப்ளைவுட் பெட்டி, ஸ்பீக்கர் காந்தம், சாரக் குழாய், மேடைப் பலகை. மின்னணுவை எவ்வளவு செதுக்கியிருந்தாலும் லாரி எண்ணிக்கை குறைந்திருக்காது. வரைபடம் போடும் முன்பே 'இரண்டு லாரி, எட்டு மணி நேரம்' என்று ஒரு வரம்பை எழுதி வைத்துக்கொண்டு தொடங்கியிருந்தால், முதலில் கேள்விக்கு உள்ளாகியிருப்பது சாரம்தான்.

அப்படி ஒரு வரம்பை யாரும் எழுதவில்லை. 1966இல் ஆல்டெக் பெட்டிகளை ஏற்றி இறக்கிச் சலித்த கைகளில் சில 1974இலும் அங்கே இருந்தன. அவர்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.